அகன்ற சில்லும் தாழ்ந்த வண்டியும்



என் தந்தையாரிடம் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைக் கழுவித் துடைப்பது பிள்ளைகளாகிய எங்கள் கடமை. துடைக்கும்போதெல்லாம், அதன் பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டி ஒன்று என் கையிற் படும். இது எதற்காக என்று ஒருநாள் தந்தையாரைக் கேட்டேன். அழகுக்காக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் பத்திரிகையில் ஆழ்ந்துவிட்டார். அந்தப் பட்டியின் கதையைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலில் வாசித்து அறிந்தேன்.

அந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். அது விற்பனைக்கு வருமுன், 1947ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தொழிற்சாலையில் நின்ற மாதிரி வண்டியை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அது மிகவும் ஒடுங்கியிருப்பதாக அவர் மனத்துக்குப் பட்டது. உடனே அதனை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் விலகியதும், போதும் என்றார். உடல் முழுவதும் நான்கு அங்குலம் அகன்றது. பொனற்றின் நடுவிலுள்ள பட்டி அந்த நான்கு அங்குலத்தின் தடமே. முன்கூட்டியே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டு இணைத்தே முதல் வண்டிகளிற் பூட்டினார்கள். 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அது அரங்கேறியது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்னும் பெருமையும் பின்னாளில் அதற்குக் கிடைத்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இக்கதை ஒரு வாயில். வண்டி அகன்றும் தாழ்ந்தும் நிற்க வேண்டும் என்ற ஆசை இக்கால இளைஞருக்கு மட்டும் உரியதன்று. அதை வடிவமைத்த பேரறிஞனுக்கே இருந்தது. ஆனால் அவர் அகலப்படுத்தியது முழு வண்டியை. நம் இளைஞரோ வண்டியை அப்படியே வைத்துக்கொண்டு சில்லை மட்டும் அகலப்படுத்துகின்றனர். வில்லை மட்டும் குறுக்குகின்றனர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது என்பதே கேள்வி.

நம் நாட்டில் இக்கேள்வி அண்மையிற் பெருகியதற்கு ஒரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் புதிய வண்டி வாங்க இயலாதவர்கள் பழைய வண்டியைப் புதிதாகக் காட்ட முற்பட்டார்கள். முன்னாளிற் சலூன் என்றும் இந்நாளிற் செடான் என்றும் வழங்கும் குடும்பக் கார்கள் பல, இவ்வாறு அகன்ற அலோய் சில்லும் தாழ்ந்த உடலுமாக உருமாறின.

என் பழைய மாணவன் ஒருவனும் அவ்வாறு செய்தான். கெட்டிக்காரன், தந்தையை இழந்த பின் குடும்பத்தைத் தாங்குபவன். ஒருநாள் மாலை என் வீட்டு வாயிலிற் காரை நிறுத்தி, "சேர், வெளியிலை வந்து பாருங்கோ" என்று அழைத்தான். பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். கார் அழகாகத்தான் இருந்தது. பாயப்போகும் புலியைப் போல நிலத்தோடு பதுங்கி நின்றது. மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே முன்பு நான்கு விரல் நுழையும். இப்பொழுது இரண்டு விரல் நுழைவதே அரிது. "நல்லாய்த்தான் இருக்குது தம்பி" என்று சொன்னேன். அந்தச் சொல்லை மூன்று வாரங்களுக்குப் பின் மீட்டுக்கொள்ள விரும்பினேன்.

கிளிநொச்சியில் ஒரு திருமண வீடு. அவன், அவன் தாயார், அவருடைய தமக்கையார், நான், இன்னோர் ஆசிரியர் என ஐவர் அந்தக் காரில் யாழ்ப்பாணம் நோக்கித் திரும்பினோம். நான் முன்னாசனத்தில் இருந்தேன், பின்னாசனத்தில் மூவர். தெருவின் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கமிருந்து, அரத்தால் இறப்பரை அராவுவது போன்ற ஓசை எழுந்தது. தனியே ஓடும்போது இச்சத்தம் வருவதில்லை என்று அவன் சொன்னான். சிறிய மதகு ஒன்றைக் கடந்து இறங்கியபொழுது வெடியோசை கேட்டது. இடப்பக்கப் பின் ரயர் போய்விட்டது. வண்டி இருமுறை வாலை ஆட்டித் தெருவோரத்தில் நின்றது. எதிரே அவ்வேளை எந்த வண்டியும் வரவில்லை. தாயார் என்ன நடந்ததென்றே அறியாமல், "ஏன் ராசா நிப்பாட்டினனீ?" என்று கேட்டார். இறங்கிப் பார்த்தோம். மட்காட்டின் உள்மடிப்பு விளிம்பு, கத்தி போல, ரயரின் தோளை வட்டமாகச் சீவியிருந்தது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல், இது எப்படி நேர்ந்தது என்று தேடத் தொடங்கினேன். நான் கலைப் பட்டதாரி. எண்களோடு எனக்கு அவ்வளவு உறவில்லை. எங்கள் பாடசாலையிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்தாம் கரும்பலகை முன் நிறுத்தி எனக்கு விளக்கினார். அவரிடம் கற்றதையும் பின்னர் வாசித்தறிந்ததையுமே இங்கே கூறுகின்றேன்.

முதலில் ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள எண்களை வாசிக்கப் பழக வேண்டும். அந்தக் காருக்கு உற்பத்தியாளர் இட்ட ரயர் 195/65 ஆர் 15. ரயரின் அகலம் 195 மில்லிமீற்றர். அதன் பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம் 15 அங்குலம். கணக்கிட்டால் முழுச் சில்லின் விட்டம் 634.5 மில்லிமீற்றர் வரும். அவன் மாற்றியது 225/45 ஆர் 17. அதன் விட்டம் 634.3. வேறுபாடு ஒரு மயிரிழை. ஆகவே வேகமானி பொய் சொல்லாது. இந்த அளவில் அந்தக் கராச்காரர் சரியாகவே செய்திருந்தார். இதையும் பாராமல் 215/55 ஆர் 17 பூட்டியிருந்தால் விட்டம் 668 ஆகி, வேகமானி அறுபது காட்டும்போது வண்டி அறுபத்து மூன்றில் ஓடும்.

பிழை வேறிடத்தில் இருந்தது. நம் மாட்டு வண்டிச் சில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிற் குடம், அதிலிருந்து பிரியும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை. ஆரக்கால்கள் வட்டையின் நட்டநடுவிற் பொருந்துகின்றன. காரிலோ அப்படியன்று. சில்லு குடத்தோடு சேரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து சற்று வெளிப்புறமாகத் தள்ளி இருக்கும். அந்தத் தள்ளலையே ஓஃப்செற் என்பர். சில்லின் உட்புறத்தில் ஈ.டி. என்னும் எழுத்துகளுக்குப் பக்கத்தில் மில்லிமீற்றரில் அது பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எண் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும்.

பழைய ரிம்மின் அகலம் 6 அங்குலம், ஈ.டி. 45. புதியதின் அகலம் ஏழரை அங்குலம், ஈ.டி. 35. எண்ணிப் பாருங்கள். ஓஃப்செற் பத்து மில்லிமீற்றர் குறைந்ததால் சில்லின் நடுக்கோடே பத்து மில்லிமீற்றர் வெளியே வந்தது. ரயர் முப்பது மில்லிமீற்றர் அகன்றதால் இருபக்கமும் பதினைந்து பதினைந்தாகக் கூடியது. ஆக, ரயரின் புறவிலா இருபத்தைந்து மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம், வெளியே வந்துவிட்டது. உட்புறத்தில் ஐந்து மில்லிமீற்றர்தான் கூடியது. மட்காட்டின் விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. தனியே ஓடும்போது ரயர் அந்த விளிம்பை எட்டவில்லை. பின்னால் மூவர் அமர்ந்ததும் உடல் இறங்கியது. மதகில் வண்டி குதித்து விழுந்ததும் இன்னும் இறங்கியது. வெறும் வண்டியை நிறுத்திவைத்து விரலால் அளந்து பார்த்த இடைவெளிக்கும், பாரம் ஏற்றிப் பள்ளத்தில் விழும் வண்டியின் இடைவெளிக்கும் உறவே இல்லை.

சில்லு வெளியே வருவதால் உண்டாகும் தீங்கு மட்காட்டோடு முடிவதில்லை. முன் சில்லு திரும்புவதற்கு ஒரு சுழலச்சு உண்டு. அந்த அச்சைக் கற்பனையாற் கீழே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியிற் படும். அப்புள்ளிக்கும் ரயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவுக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை உற்பத்தியாளர் மில்லிமீற்றர்க் கணக்கில் முடிவு செய்கின்றார். நாம் பத்து மில்லிமீற்றர் வெளியே இழுத்தால் அந்தக் கணக்குக் குலைகின்றது. ஒரு பக்கச் சில்லு மணலிலும் மறுபக்கச் சில்லு தாரிலும் இருக்கப் பிறேக்கை மிதித்தால், ஸ்டியரிங் கையை விட்டுத் திமிறுவது இதனாலேயே. குடத்தினுள் இருக்கும் பெயரிங்குகளும் நெம்புகோலில் அகப்பட்டதுபோற் கூடுதல் சுமை தாங்க நேரும்.

ஆணித் துளைகளைப் பற்றியும் ஒரு சொல். துளைகள் அமைந்துள்ள வட்டத்தின் விட்டம் வண்டிக்கு வண்டி மாறும். மொறிஸ் மைனருக்கு நான்கு ஆணிகள். வட்டம் நான்கு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். பிற்காலத்து யப்பானியக் கார்கள் பலவற்றுக்கு நான்கு ஆணிகளும் 100 மில்லிமீற்றரும். ஒன்றரை மில்லிமீற்றர்தானே என்று நட்டை இறுக்கி ஒன்றில் மற்றதை ஏற்றிவிடுவோர் உண்டு. நட்டு ஏறும், ஆனால் அதன் கூம்பு முகம் துளையில் முழுவதும் அமராது, ஆணி வளைந்தபடியே நாளெல்லாம் உழைக்கும். அதைப்போலவே, பல வண்டிகளுக்குப் பொதுவாக வார்க்கப்படும் சில்லுகளின் நடுத்துளை பெரிதாக இருக்கும். குடத்துக்கும் துளைக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்ப ஒரு வளையம் இட வேண்டும். அது விலை மலிந்த சிறு வளையம். அதனை இடாமல் விட்டு, ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வருந்துவோர் பலர்.

இனி வில்லுக்கு வருவோம். காரின் உடலைத் தாழ்த்தினால் புவியீர்ப்பு மையம் தாழும், வளைவுகளில் வண்டி நன்றாகப் பிடித்து ஓடும் என்பார்கள். அது மெய்யே. ஆயினும் எவ்வளவு மெய் என்று பார்க்க வேண்டும். மையம் தரையிலிருந்து 550 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ள ஒரு காரை 30 மில்லிமீற்றர் தாழ்த்தினால், வளைவில் ஒரு பக்கச் சில்லுகளிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் சுமை நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கே குறையும். பந்தயத்தில் ஓடுபவனுக்கு அது பெரிது. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஓடுபவனுக்கு அது தெரியவே தெரியாது.

அதற்கு அவன் கொடுக்கும் விலையோ தெரியும். சில்லு மேலெழுந்து பள்ளம் மேடுகளை விழுங்குவதற்கு எட்டுச் சதமமீற்றர் இடம் உள்ள வண்டியை நான்கு சதமமீற்றர் தாழ்த்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இடம் பாதியாயிற்று. அதே அதிர்ச்சியை அந்தப் பாதி இடத்துக்குள் விழுங்க வேண்டுமானால் வில் எத்தனை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும்? நான் இரண்டு மடங்கு என்றேன். கணித ஆசிரியர் சிரித்துக்கொண்டே நான்கு மடங்கு என்று எழுதிக் காட்டினார். வில் சேமிக்கும் சக்தி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதே காரணம். நான்கு மடங்கு விறைத்த வில்லோடு எவரும் வீட்டுக் காரில் ஓடமாட்டார். ஆகவே விற்கப்படும் குட்டை வில்கள் ஓரளவே விறைப்பானவை. மீதி அதிர்ச்சியை, கடைசியில் உள்ள இறப்பர்த் தடையும் பின்னாசனத்தில் இருப்பவர் முதுகெலும்பும் பங்கிட்டுக்கொள்கின்றன.

குட்டை வில் வாங்கப் பணமில்லாதவர், இருக்கும் சுருள்வில்லையே ஒரு சுற்று வெட்டிவிடச் சொல்லுகின்றனர். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடல் பதறும். வாயுச் சுவாலையால் வெட்டினால் அவ்விடத்து உருக்கின் பதம் கெடும். வெட்டிய முனை அதன் இருக்கையிற் சரியாகப் பொருந்தாது. வண்டி மேட்டில் எழும்பிச் சில்லு தொங்கும்போது, நீளம் குறைந்த வில் இருக்கையை விட்டு விலகவும் கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இன்று பெரும்பாலான செடான் கார்களின் முன்புறத்தில் இருப்பது, அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ள் மக்பெர்சன் வகுத்த அமைப்பு. 1950ஆம் ஆண்டு லண்டனிற் காட்சிக்கு வந்த ஃபோட் கொன்சல், செபிர் ஆகிய கார்கள் அதனைப் புகழ்பெறச் செய்தன. நம் மூத்தோர் அவற்றை இலங்கைத் தெருக்களிற் கண்டிருப்பர். அதிற் சில்லைத் தாங்கும் கீழ்க்கை ஒன்று உண்டு. உடலைத் தாழ்த்தும்போது அக்கையின் சாய்வு மாறுகிறது. அதனால், வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளி, புவியீர்ப்பு மையத்தைக் காட்டிலும் அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் நீள்கிறது. நெம்புகோல் நீண்டதுபோல் ஆகிறது. சாயாதிருக்கவென்று தாழ்த்திய வண்டி, வில்லை விறைக்காவிட்டால், முன்னிலும் கூடுதலாகச் சாய முற்படும். அத்தோடு சில்லுகளின் தலை உட்பக்கம் சரிந்து, நேர்த்திசையும் மாறுவதால், ரயரின் உள்விளிம்பு சில மாதங்களிற் கம்பி தெரியத் தேயும். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ரயர் புதிதாகவே தோன்றும்.

பழைய கார்கள் சிலவற்றிற் பின் பிறேக்கின் அமுக்கத்தை, ஏற்றிய பாரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. உடல் பின் அச்சுக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பதை ஒரு நெம்புகோலால் உணர்ந்தே அது பாரத்தை அறியும். தாழ்த்திய வண்டியில் ஒருவரும் இல்லாதபோதும், நால்வர் இருப்பதாக அது நம்பிவிடும். மழைநாளிற் பிறேக் பிடித்தால் பின்சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

மழை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அகன்ற ரயர் அதிகமாகப் பிடிக்கும் என்பது உலர்ந்த தெருவிற் பெரும்பாலும் சரி. ஆனால் ரயர் தரையைத் தொடும் பரப்பைத் தீர்மானிப்பவை, பெரும்பாலும், அதன்மேல் உள்ள பாரமும் உள்ளே உள்ள காற்றமுக்கமுமே. அகலத்தைக் கூட்டினால் அப்பரப்பு அகன்று நீளத்திற் குறுகும். ஒடுங்கிய ஓடம் நீரைக் கிழித்துச் செல்வதையும் அகன்ற பலகை நீரின்மேல் வழுக்கிச் செல்வதையும் கண்டிருப்பீர்கள். வடகீழ்ப் பருவ மழையில், ஐப்பசி கார்த்திகையில், நீர் நிறைந்த தெருவில் அகன்ற ரயர் அந்தப் பலகையைப் போல முன்கூட்டியே நீரின்மேல் ஏறிவிடும். ஏறிவிட்டால் ஸ்டியரிங்கும் பிறேக்கும் வெறும் அலங்காரம்.

இவ்வளவையும் கேட்டபின், மாற்றவே கூடாதா என்று இளைஞர் கேட்பர். என் மாணவனும் கேட்டான். கூடாது என்று நான் சொல்லவில்லை. இசிகோனிஸ் நான்கு அங்குலத்தோடு நிறுத்தினார் என்பதை நினைவூட்டினேன். உற்பத்தியாளர் அதே வகைக் காரின் விலையுயர்ந்த பதிப்புக்குப் பெரும்பாலும் ஒரு பெரிய சில்லைத் தாமே இட்டிருப்பார். முதலில் அந்த அளவைத் தேடுவதே அறிவுடைமை. அந்தக் காருக்கு 205/55 ஆர் 16 ரயர், ஆறரை அங்குல ரிம், ஈ.டி. 45 என்று முடிவாயிற்று. ஓஃப்செற் மாறாததால் ரயர் இருபக்கமும் ஐந்தைந்து மில்லிமீற்றரே கூடும். ரயரின் பாரக் குறியீடு பழையதைப்போல 91. அதன் பொருள், ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும் என்பது. அதே அகலத்தில் 87 என்று குறித்த ரயரும் கடையில் மலிவாகக் கிடைக்கலாம். அது தாங்குவது 545 தான். ரிம்மில் யப்பானிய அலோய்ச் சில்லுகளுக்குரிய ஜே.டபிள்யூ.எல். குறி உண்டா என்று பார்க்கலாம். போலிக் குறிகளும் உண்டு என்பதால், வெல்டிங் தழும்பும் வளைவும் உள்ள பழைய ரிம்மை எந்தக் குறி இருப்பினும் விலக்க வேண்டும்.

வில்லைப் பொறுத்தவரை, இருபது மில்லிமீற்றரே தாழ்த்தும் வில்லும், அதற்குப் பொருந்திய சொக் அப்சோபரும் ஒன்றாகவே இடப்பட்டன. பூட்டிய பின் சில்லுகளின் நேர்த்திசை அளந்து திருத்தப்பட்டது. முன்விளக்குகளின் ஒளிவீச்சும் சரிபார்க்கப்பட்டது. பின்புறம் கூடுதலாகத் தாழ்ந்தால் விளக்கு எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும் அல்லவா? மாற்றம் செய்யுமுன் காப்புறுதி நிறுவனத்திடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் கேட்டு எழுத்தில் மறுமொழி பெறும்படி அவனை வற்புறுத்தினேன். அவன் சலித்துக்கொண்டான், ஆனாலும் செய்தான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை வைத்தோம். பின்னாசனத்தில் மூன்று ஆசிரியர்கள். பின்பெட்டியில் இரண்டு மூடை அரிசி. எங்கள் பாடசாலைக்கு எதிரேயுள்ள ஒழுங்கையிலே, ஸ்டியரிங்கை இருபக்கமும் முற்றாகத் திருப்பி, ஒரு சில்லை மட்டும் தெருமேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ரயரின் தோளிலே சுண்ணக்கட்டி பூசியிருந்தேன். மட்காட்டின் விளிம்பிற் சுண்ணம் ஒட்டவில்லை.

சென்ற மாதம் அதே காரில், அதே தாயாருடன், மீண்டும் கிளிநொச்சி சென்று வந்தோம். இம்முறை நான் பின்னாசனத்திலே இடங்கேட்டு அமர்ந்தேன். மதகு வந்தது, வண்டி ஏறி இறங்கியது, ஒரு சத்தமும் இல்லை. தாயார் உறங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் முன்னாசனத்தின் முதுகை இறுகப் பற்றியிருந்ததை, கண்ணாடியில் அவன் கண்டு சிரித்தான்.